கழற்றி வைத்த வயர்

இதில் எல்லாம் சரியாக நினைவிருக்கிறது என்று சொல்ல முடியாது. இராஜம் குவைத்திலிருந்து திரும்பி வந்தது தொண்ணூற்றாறிலா தொண்ணூற்றேழிலா என்பதிலேயே தடுமாற்றம் இருக்கிறது. அவள் கொண்டுவந்த டிவிப் பெட்டி கறுப்பு என்று மனது சொல்கிறது. லயத்தில் கேட்டால் சாம்பல் நிறம் என்பார்கள். அந்தப் பிற்பகலில் இடி மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. ஆனால் மழையும் பெய்திருக்க வேண்டும், ஏனென்றால் ஜன்னல் பலகை சாத்தியிருந்தது. கண்ணால் பார்த்தது எது, பலர் சொல்லக் கேட்டுக் கேட்டுக் கண்ணால் பார்த்ததாக ஆகிப்போனது எது என்று இப்போது பிரிக்க வரவில்லை.

அரநாயக்கப் பக்கத்தில், பஸ் நின்ற இடத்திலிருந்து மேலே ஏறிப் போக வேண்டிய ரப்பர் தோட்டம் அது. விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு மதியத்துக்கெல்லாம் லயத்துக்கு, ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒட்டியிருந்த காம்பரா வீடுகளுக்கு, திரும்பிவிடுவார்கள். அதற்குமேல் ஆளுக்கு ஒரு வேலை, விறகோ காய்கறித் தோட்டமோ. கரண்ட் வந்து அதிக காலம் ஆகாததால், இரண்டு மூன்று காம்பராக்களில் மட்டும் டிவி இருந்தது. எதிர் மலை படத்தை மறைத்ததால், அன்டனாவை உயரத்தில் தூக்க வேண்டியிருந்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் நின்ற பலா மரத்தில் இரும்புக் குழாயைக் கட்டி, அதன் நுனியில் அன்டனாவைப் பூட்டி, அங்கிருந்து தட்டையான வயரைத் தொங்கவிட்டு ஜன்னல் வழியே உள்ளே இழுத்திருந்தார்கள்.

சித்திரை வைகாசியில் பிற்பகலானால் வானம் கறுக்கும். அந்தப் பக்கத்து இடி சாதாரண இடியில்லை. தகரம் அதிரும், அடுப்பிலிருக்கும் சட்டி நடுங்கும். முதல் உறுமல் கேட்டதும் லயத்தின் மேல்கோடியிலிருந்து யாராவது “அன்டனா” என்று ஒரு குரல் கொடுப்பார்கள். டிவி இருக்கிற காம்பராக்களிலிருந்து “கழட்டியாச்சு” என்று பதில் வரும். பதில் வராத வீட்டுக்கு ஆள் போய்ப் பார்க்கும். கூரை எல்லோருக்கும் ஒன்று என்பதால் டிவி இல்லாதவர்களும் இதில் கண்ணாக இருந்தார்கள்.

இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர், மாவனல்லையில் ரேடியோ டிவி திருத்தும் கடை வைத்திருந்த கபூர் நானா. அன்டனா பூட்ட வந்த ஒவ்வொரு வீட்டிலும் அவர் இதையே சொன்னார்.

“வயர டிவியிலருந்து கழட்டுனா டிவிதான் தப்பும். வயர் ஊட்டுக்குள்ள கெடந்தா அது ஊட்டுக்குள்ளதான் வரும். கழட்டி வெளிய போட்டுருங்க.”

லயம் அதில் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது. டிவிதானே விலை கொடுத்து வாங்கியது.

இராஜம் வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் போகும்போது மகள் துஷாந்தினி சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். புருஷன் ஐயாவுவின் அக்கா ஜெயம்மா அடுத்த காம்பராவில் இருந்தாள். கல்யாணமான சில வருஷத்திலேயே தாலியறுத்து, பிள்ளையில்லாமல் தம்பி பக்கத்தில் வந்து சேர்ந்தவள். பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இராஜம் பஸ் ஏறினாள். ஜெயம்மா அந்தப் பிள்ளையைத் தன் வயிற்றில் வந்ததுபோலவே வளர்த்தாள். யாரும் அதில் குறை சொல்ல முடியாது. அம்மை போட்டபோது வேப்பிலையோடு பாயில் கிடந்ததும், மழைக்காலத்தில் பிள்ளையை முதுகில் சுமந்து ஓடை தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவள்தான். பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிட்டது.

இராஜம் திரும்பி வந்த அன்று, லயமே வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், கூடி நின்றபோது, பிள்ளை ஜெயம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது. யாரோ, “இது யாரு சொல்லு பாப்போம்” என்றார்கள். பிள்ளை சற்று யோசித்துவிட்டு, “குவைத்தம்மா” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். இராஜமும் சிரித்தாள். அந்தப் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளை பக்கத்தில் வரவேயில்லை. வாங்கிவந்த கவுனைப் போட்டுக்கொண்டது, சொக்கலேட்டைத் தின்றது, பொழுதுபட்டதும் ஜெயம்மாவின் காம்பராவுக்குப் போய்விட்டது. பெத்தவள் வீட்டில் ஒரு ராத்திரி படுக்கட்டும் என்று ஐயாவு சொல்லிப் பார்த்தான். அவன் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன். அக்கா ஒரு பார்வை பார்த்ததும் வெற்றிலையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். விசாவில் இன்னும் காலம் இருந்தது. குவைத்து வீட்டம்மா திரும்பி வரச்சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். பிள்ளை தன்னிடம் ஒட்டினால் போகமாட்டேன் என்று இராஜம் ஐயாவுவிடம் சொல்லியிருந்தாள். ஒட்டாவிட்டால் என்ன செய்வாள் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

டிவியோடு அவள் ஒரு டிவி கேமும் கொண்டுவந்திருந்தாள். வெள்ளைப் பெட்டி, மேலே மஞ்சள் கசட் சொருகுவது, இரண்டு கைப்பிடி. அதை அவள் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. குவைத்து வீட்டில் இளைய பையன் ஒருவன் இருந்தான். அவன் அண்ணன்மார் அவனோடு விளையாட மாட்டார்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு அவன் இரண்டாவது கைப்பிடியை இராஜத்தின் கையில் கொடுப்பான். அவன் தோற்றால் அழுது வீட்டைக் கூட்டுவான். வீட்டம்மா வந்து இராஜத்தைத்தான் பேசுவாள். அவள் சும்மா தோற்றாலும் கண்டுபிடித்து அழுவான். ஆகவே அவள் ஜெயிப்பதுபோல் போய், கடைசியில் ஒரு பள்ளத்தில் கால் தவறி விழக் கற்றுக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல கைப்பழக்கம் வந்துவிட்டது. அந்தப் பையனுக்கு எந்தச் சோறு பிடிக்கும், எப்போது தூக்கம் வரும், எந்தப் பல் ஆடுகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு குழந்தையோடு இருப்பதற்கு அவள் கையில் மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான். அதையே சுமந்துகொண்டு வந்தாள்.

டிவி பார்க்க லயமே வந்தது. அப்போது பிள்ளை ஜெயம்மாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தது. டிவி கேம் போட்டபோது பெரியவர்கள் கொஞ்ச நேரத்தில் சலித்து எழுந்து போனார்கள். பிள்ளை போகவில்லை. திரையில் சிவப்புச் சட்டை ஆளும் நீலச் சட்டை ஆளும் பள்ளம் தாண்டி, ஏணி ஏறி, பழம் பொறுக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளைக்குச் சிவப்பு. இராஜத்துக்கு நீலம்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளை நேராக இராஜத்தின் காம்பராவுக்கு வந்தது. பையைக் கழற்றி வைக்குமுன்பே, “கேம் போடுவோமா” என்று கேட்டது. முதல் நாட்களில் “போடுவோமாங்க” என்றது. பிறகு அந்த ‘ங்க’ தானாக உதிர்ந்துபோனது. இராஜம் அதைக் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் நீல ஆளின் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டது. இராஜம் கைப்பிடியைக் கீழே வைத்தாள். பிள்ளை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், “ஏங்கிட்ட ரெண்டு உசுரு இருக்கு. அந்த பட்டன அமுக்கு, ஒன்னு ஒனக்கு வந்துரும்” என்றது. அந்தப் பொத்தானைப் பற்றி இராஜத்துக்கு ஏற்கனவே தெரியும். குவைத்துப் பையன் ஒருநாளும் அதை அமுக்க விட்டதில்லை. அவள் அமுக்கினாள். நீல ஆள் மறுபடி நின்றான். அன்று அவள் அடுப்படியில் வெகுநேரம் சும்மா நின்றாள் என்று ஐயாவு பின்னாளில் சொன்னான்.

ஜெயம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது எல்லோருக்கும் கேட்கும்படி, “கோழிக்கு அரிசி தூவி கூப்புடுற மாதிரி கூப்புடுறா. கோழியும் போவுது. பொழுதுபட்டா அடையிறது எங்கன்னு கோழிக்குத் தெரியும்” என்றாள். இராஜம் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டிவி கேமைப் பூட்டுவதற்கு டிவியின் பின்னாலிருக்கும் அன்டனா வயரைக் கழற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே துளை. முதலில் வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியேதான் போட்டார்கள். ஆனால் மறுபடி டிவி பார்க்க வேண்டுமானால் மழையில் இறங்கித் தேட வேண்டியிருந்தது. பாதி உள்ளே பாதி வெளியே விட்டால் ஜன்னல் பலகை சாத்தவில்லை. சாரல் அடித்துப் படுக்கை நனைந்தது. அதனால் ஜன்னலடியில் கிடந்த கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் வயரைச் சுற்றி மாட்டும் வழக்கம் வந்தது. தோட்டத்து மருந்துக்காம்பராவில் கழித்துப்போட்ட பழைய இரும்புக் கட்டில் அது. ஐயாவு கேட்டு வாங்கி வந்து கயிறு போட்டு வைத்திருந்தான். அந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று கேட்டால் லயத்தில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஐயாவு என்றும், இராஜம் என்றும். வயர் கழன்றுதானே இருக்கிறது என்பதால் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

அந்த நாளில் பள்ளிக்கூடம் லீவு. வருஷப் பிறப்பு முடிந்து பலகார டின்னில் கொஞ்சம் முறுக்கு மிச்சம் இருந்தது. ஐயாவு கீழே கடைக்குப் போயிருந்தான். பிள்ளை ஓடி வந்து, இராஜம் எழுமுன்பே டிவிக்குப் பின்னால் கையை விட்டு, வயரை வெடுக்கென்று பிடுங்கி, தலைமாட்டுக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டியது. வானம் அப்போதே இருண்டிருந்தது. வெளிய போடு என்ற சொல் இராஜத்துக்கு வாய்வரை வந்தது. கபூர் நானா சொன்னதை நன்றாகக் கேட்டவள் அவள். ஆனால் வந்த நாளிலிருந்து பிள்ளையிடம் அவள் இதைச் செய் என்றோ செய்யாதே என்றோ சொன்னதில்லை. சொன்னால் முகம் சுருங்கும், எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போய்விடும் என்று பயம். வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பலகையைச் சாத்தினாள். இரண்டு பேரும் சாக்கை விரித்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

உறுமல் கேட்டது. மேல்கோடியிலிருந்து, “அன்டனா” என்று குரல் வந்தது.

“கழட்டியாச்சு” என்று இராஜம் பதில் கொடுத்தாள்.

அடுத்த இடிக்கு ஜெயம்மா வாசலில் வந்து நின்றாள். பிள்ளைக்கு இடி என்றால் பயம். எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் ஓடி வந்து அவள் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும். அன்று வரவில்லை. அதனால் அவளே வந்தாள்.

“துஷி, வா போவோம். இடி இடிக்குதுல்ல.”

“இந்த ஒன்னு மட்டும்மா” என்றது பிள்ளை, திரும்பாமல்.

ஜெயம்மா இராஜத்தைப் பார்த்தாள். “நீயாச்சும் சொல்ல மாட்டியா? ரெண்டும் சின்னப் புள்ளைகளாட்டம் உக்காந்திருக்கு.”

அதில் காரம் இருந்தது, ஆனாலும் பீலியில் இருந்த காரம் இல்லை. பிள்ளை இடிக்கு ஓடாமல் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது இராஜத்தின் நெஞ்சை நிறைத்திருந்தது. கை நிறைந்தவளுக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றும்.

“நான் சொன்னா கேப்பாளா அண்ணி? உங்க பேச்சத்தான் கேப்பா.”

“இப்பத்தான் தெரியுதாக்கும்” என்றாள் ஜெயம்மா. முகம் இளகிவிட்டது.

“உக்காருங்க அண்ணி. தேத்தண்ணி ஊத்துறேன். இவளும் முடிச்சுக்கட்டும்.”

ஜெயம்மா சாக்கின் ஓரத்தில் உட்காரப் போனாள். புருஷனுடைய அக்காவைத் தரையில் உட்காரவைப்பது முறையில்லை. இராஜம் கட்டிலில் கிடந்த துணிகளை ஒதுக்கி, விரிப்பைத் தட்டிச் சரிசெய்து, “மேல உக்காருங்க” என்றாள். ஜெயம்மா கட்டிலில், தலைமாட்டுப் பக்கமாக, பிள்ளை நன்றாகத் தெரியும் இடத்தில் உட்கார்ந்தாள். மழையில் நனைந்த காலைத் தரையில் வைத்து, ஒரு கையைத் தலைமாட்டுக் கம்பியில் ஊன்றிக்கொண்டாள். “எதுடி நீ?” என்று பிள்ளையைக் கேட்டாள். “செவப்பு” என்றது பிள்ளை. “நீலம் யாரு?” “அது குவைத்தம்மா.” “ஏன் அது சும்மா நிக்குது?” “தேத்தண்ணி ஊத்தப் போயிருச்சுல்ல.” ஜெயம்மா சிரித்தாள். இராஜம் அடுப்படியிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டாள். வந்த நாளிலிருந்து அந்தக் காம்பராவுக்குள் ஜெயம்மா சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

சத்தம் என்று எதுவும் தனக்குக் கேட்கவில்லை என்று இராஜம் சொன்னாள். வெள்ளையாக ஒன்று வந்தது. அடுப்படிச் சுவரில் அவள் சாய்ந்து கிடந்தாள். எரிந்த ரப்பர் போல ஒரு வாடை. டிவியின் முகம் உடைந்து புகைந்தது. பிள்ளை சாக்கில் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தது. இடது காதிலிருந்து இரத்தம் ஒரு கோடாக இறங்கியது. ஜெயம்மா கட்டிலிலிருந்து சரிந்து முகம் தரையில் படக் கிடந்தாள். தலைமாட்டுக் கம்பியில் வயர் இருந்த இடத்தில் கரிதான் இருந்தது.

ஜெயம்மாவைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. லயத்திலேயே இல்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். பொலிஸ் வந்தது. மரத்தில் இத்தனை உயரத்துக்குக் குழாய் கட்டி யாரோடு பேசினீர்கள் என்று முதலில் கேட்டது. வடக்கில் சண்டை நடந்த அந்த வருஷங்களில் தமிழ் ஆட்களிடம் எதற்கும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். ஐயாவு சிங்களத்தில் திரும்பத் திரும்ப, டிவி பார்க்க மாத்தயா, டிவி பார்க்க, என்று சொன்னான். அவர்கள் போனதும் கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறி, குழாய் கட்டிய கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தான்.

கருமாதி முடியும்வரை லயத்தில் எந்த டிவியும் ரேடியோவும் பேசவில்லை. பிள்ளையும் பேசவில்லை. காதில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. ராத்திரிக்கு இப்போது அது இராஜத்தின் பாயில்தான் படுத்தது. வேறு இடம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கும். இராஜம் கையைப் போட்டால் எடுக்காது, நகரவும் செய்யாது. கட்டை மாதிரிக் கிடக்கும். வேண்டி நின்றது இப்படிக் கையில் வந்திருக்கிறதே என்று இராஜம் கூரையைப் பார்த்துக் கிடப்பாள்.

கருமாதி கழிந்த ஒரு காலையில் இஸ்தோப்பில் வைத்து இராஜம் பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். லயத்தில் எல்லோரும் பால் வெட்டப் போயிருந்தார்கள். கட்டிலை ஐயாவு வெளியே தூக்கிப்போட்டிருந்தான். முற்றத்தில் காலை நீட்டிக்கொண்டு அது கிடந்தது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதல் தடவையாக வாய் திறந்தது.

“அன்னிக்கு வயர கட்டில்ல மாட்டுனது நானா?”

சீப்பு பாதித் தலையில் நின்றது. கீழே ஓடைச் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு நினைவிருக்கிறதா, இல்லையா, நினைவிருந்தும் கேட்கிறதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிள்ளையின் பிடரியில் வேர்த்திருந்தது. அந்த வேர்வையைப் பார்த்தபிறகு அவள் பேசினாள்.

“நீ இல்ல. நீ கழட்டி கீழ போட்ட. நான்தான் எடுத்து மாட்டுனேன்.”

“நல்லா தெரியுமா?”

“நல்லா தெரியும்.”

பிள்ளையின் தோள் இறங்கியது. மூச்சு ஒன்று வெளியே வந்தது. பிறகு அது மெல்லத் திரும்பி இராஜத்தின் முகத்தைப் பார்த்தது.

“அம்மாவ அங்க உக்காரச் சொன்னதும் நீங்கதானே?”

“ஆமா” என்றாள் இராஜம்.

பிள்ளை அவள் கையிலிருந்த சீப்பை வாங்கி, மீதித் தலையைத் தானே வாரிக்கொண்டது.

அது சொன்னதோ, வேறெப்படியோ, விஷயம் லயம் முழுதும் போனது. வயரைக் கட்டிலில் மாட்டியவளும் அதே கட்டிலில் உட்காரவைத்தவளும் ஒருத்திதான் என்று ஆனது. அதற்குமேல் சொல்ல வேண்டியதை ஆட்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். பீலியில் இராஜம் போனால் பேச்சு நின்றது. அவள் மறுக்கவில்லை. ஐயாவு ஒரே ஒரு தடவை, “நெசமாவா?” என்று கேட்டான். அவனிடமும் ஆமாம் என்றாள்.

அந்த வருஷக் கடைசியில் அவள் மறுபடி குவைத்துக்குப் போனாள். போவதற்கு முந்தின நாள் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க வந்த ஒருத்தியிடம் நடந்ததைச் சொன்னாள். பிள்ளை பெரியவளாகிக் கல்யாணமாகித் தன் பிள்ளையைப் பெற்ற பிறகும் அதை அவள் காதில் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அந்த ஒருத்தி யாரென்பது இங்கே வேண்டாம். பிள்ளையின் காதில் அதைப் போடவில்லை.

ஜெயம்மாவைப் புதைத்த இடத்தில் பழைய ரப்பரைப் பிடுங்கிப் புது ரப்பர் வைத்துவிட்டார்கள். இடம் அடையாளம் தெரியாது. கபூர் நானா கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்து இறந்துபோனார். டிவி கேமை யார் எடுத்தார்களோ, அந்த வாரத்திலேயே காணவில்லை. ஐயாவு தோட்டத்து வேலையை விட்டு பலாங்கொடையில் ஒரு கடையில் காவலுக்குப் போனான். நெஞ்சடைத்து அங்கேயே முடிந்தது. துஷாந்தினி சாதாரண தரப் பரீட்சை வரை படித்தாள். பிறகு மாவனல்லைப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள், கூட வேலை செய்தவனைக் கட்டிக்கொண்டாள், இரண்டாயிரத்து ஒன்பதில் அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. துஷாந்தினிக்கு இடது காது கேட்காது. இராஜம் சர்க்கரை வியாதியோடு குவைத்திலிருந்து திரும்பி வந்து அதே காம்பராவில் தனியாக இருக்கிறாள். மகள் தைப்பொங்கலுக்கு வந்து சாமான் கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போவாள். அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை.